கவுன்சிலர் தேர்தல்லயும் வீட்டுலேருந்தே ஓட்டு போட வழி பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்பி தேர்தல்லயும் எம்எல்ஏ தேர்தல்லயும் 85 வயசு தாண்டினவங்க வீட்டுலேருந்தே ஓட்டு போடலாம், 40 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னு சர்டிஃபிகேட் வச்சிருக்கற மாற்றுத்திறனாளிங்களும் போடலாம். ஆனா நம்ம தெரு லைட்டு, குப்பை, மழைநீர் கால்வாய், சொத்து வரி எல்லாத்தையும் பாக்கற சென்னை மாநகராட்சிக்கு நடக்கற தேர்தல்ல அந்த வசதி இல்ல. 2022ல தபால் ஓட்டுன்னு இருந்தது தேர்தல் வேலைக்கு போன ஊழியர்களுக்குத்தான். இதை மாத்தணும், அடுத்த மாநகராட்சி தேர்தலுக்கு முன்னாடியே மாத்தணும்னு கேட்டுத்தான் இந்த லெட்டர் எழுதறேன். இப்ப இருக்கற கவுன்சிலருங்க 2022 மார்ச் 2ஆம் தேதி பதவி ஏத்தாங்க, அஞ்சு வருஷம்னா 2027 மார்ச்சோட முடியுது, விதியை மாத்தறதுன்னா அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும் இல்லையா.

எங்க அம்மாவை வச்சே சொல்றேன். நாங்க அயனாவரத்துல லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில இருக்கோம், அம்மாவுக்கு முட்டி ரெண்டும் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. 2021 சட்டமன்ற தேர்தலுக்கு ஓட்டர் லிஸ்ட் வேலை பாக்கற பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) மேடம் வீட்டுக்கே வந்து, வீட்டுலேருந்து ஓட்டு போட எழுதி குடுக்கற 12டி ஃபார்ம் குடுத்தாங்க, அப்ப 80 வயசு தாண்டினா போதும், கையெழுத்து போட்டு குடுத்தோம், கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டு அதிகாரி, ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கற தம்பி எல்லாரும் படி ஏறி வந்து, அட்டை மறைப்பு வச்சு, அம்மா உள்ள உக்காந்து ஓட்டு போட்டு கவர்ல ஒட்டி அவங்களே குடுத்தாங்க. எல்லாம் கால் மணி நேரம். 2024 நாடாளுமன்ற தேர்தல்ல வயசை 85ஆ ஏத்திட்டாங்க, அதுக்குள்ள அம்மா 85 தாண்டிட்டதால அப்பவும் வீட்டுலயே போட்டாங்க. நடுவுல வந்துச்சு பாருங்க 2022 பிப்ரவரி 19, மாநகராட்சி தேர்தல், அதுக்கு மட்டும் வீட்டுக்கு யாரும் வரல, விசாரிச்சா கவுன்சிலர் தேர்தலுக்கு அதெல்லாம் இல்லம்மான்னுட்டாங்க. மாடியில இருக்கற பசங்க நாங்க சேரோட தூக்கிட்டு போறோம் ஆயான்னாங்க, பாவம் நல்ல மனசுதான், ஆனா அம்மா ஒத்துக்கல, தெருவே பாக்க என்னை தூக்கிட்டு போயி ஓட்டு போடணுமா வேணாம்னுட்டாங்க. அன்னைக்கு முழுக்க ஜன்னலாண்டயே உக்காந்திருந்தாங்க. அந்த வீடு அம்மா பேர்ல இருக்கு, சொத்து வரி ரசீது அம்மா பேர்ல வருது. தேர்தல் முடிஞ்ச அடுத்த ஏப்ரல்லயே சொத்து வரி ஏறுச்சு, பழைய சென்னை பகுதியில 601லேருந்து 1200 சதுர அடி வரைக்கும் 75 சதவீதம், 1800க்கு மேல 150 சதவீதம். அந்த உயர்வு சரியா தப்பாங்கறது வேற பேச்சு, ஆனா வரி கட்டற அம்மாவுக்கு அந்த மன்றத்தை தேர்ந்தெடுக்கறதுல ஒரு ஓட்டு போட வழி இல்லாம போச்சுங்கறது எனக்கு இன்னிக்கும் ஆறல.

இதுக்கு காரணம் என்னன்னு கேட்டா, நடத்தறவங்க வேற வேற. எம்பி எம்எல்ஏ தேர்தலை டெல்லியில இருக்கற இந்திய தேர்தல் ஆணையம் நடத்துது, உள்ளாட்சி தேர்தலை நம்ம கோயம்பேட்டுல ஆபீஸ் இருக்கற தமிழ்நாடு மாநில தேர்தல் ஆணையம் நடத்துது. மத்திய அரசு 2019ல 1961ஆம் வருஷத்து தேர்தல் நடத்தை விதிகளை திருத்தி, பூத்துக்கு வர முடியாத வாக்காளர்னு ஒரு பிரிவை புதுசா சேத்தாங்க, அந்த வருஷமே ஜார்க்கண்ட்ல சில தொகுதியில பண்ணி பாத்தாங்க, அப்புறம் 2020 பீகார், 2021 நம்ம தமிழ்நாடுன்னு வந்துச்சு. அந்த திருத்தம் உள்ளாட்சிக்கு தானா பொருந்தாது, உள்ளாட்சிக்கு மாநிலத்தோட சட்டம், மாநிலத்தோட விதி, இப்ப சென்னைக்கும் சேத்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ல வந்த அதோட விதிகளும்தான். அதனால இது டெல்லிக்கு எழுதி காத்திருக்க வேண்டிய விஷயமே இல்ல, இங்கயே கோட்டையிலயும் கோயம்பேட்டுலயும் முடிவு பண்ணக்கூடியது.

மாநில தேர்தல் ஆணையத்தால முடியுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு பக்கத்து மாநிலத்தை காட்டறேன். 2020 டிசம்பர்ல கேரளாவுல பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி, மாநகராட்சி எல்லாத்துக்கும் தேர்தல் நடந்துச்சு, கொரோனா வந்தவங்களுக்கும் தனிமையில இருந்தவங்களுக்கும் ஸ்பெஷல் தபால் ஓட்டுன்னு குடுத்தாங்க, கவச உடை போட்டுக்கிட்டு ஆளுங்க வீட்டுக்கே போயி ஓட்டு வாங்கினாங்க. அதை நடத்தினது கேரளாவோட மாநில தேர்தல் ஆணையம். நம்ம ஊர்ல 2022ல கொரோனா இருக்கறவங்க சாயங்காலம் 5லேருந்து 6 மணிக்குள்ள பூத்துக்கு வந்து போடுங்கன்னு கடைசி ஒரு மணி நேரம் ஒதுக்கினாங்க, காய்ச்சல்ல படுத்திருக்கறவர் எப்படி எழுந்து வருவார் சொல்லுங்க. பீகார்ல 2025 ஜூன் 28 அன்னைக்கு நகராட்சி தேர்தல்ல வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, கர்ப்பிணிங்க, வெளியூர் வேலைக்கு போனவங்க எல்லாரும் செல்போன் ஆப்லயே ஓட்டு போட வச்சாங்க, அதை நடத்தினதும் அந்த மாநில ஆணையம்தான். ஆப் வழி நமக்கு வேணாம்னுதான் நான் சொல்லுவேன், போனை கையில வாங்கிக்கிட்டு நான் போட்டு தரேன் பாட்டின்னு சொல்ல வீட்டுலயும் ஆளு உண்டு கட்சியிலயும் ஆளு உண்டு. பேப்பர்ல, அதிகாரி முன்னாடி, மறைப்புக்குள்ள போடறதுதான் நம்ம வார்டுகளுக்கு சரிவரும்.

எங்க அக்கா பையன் லண்டன்ல வேலை பாக்கறான், இந்திய பாஸ்போர்ட்தான் வச்சிருக்கான். காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்க சட்டப்படி குடியிருந்தா உள்ளாட்சி தேர்தல்ல ஓட்டு போடலாமாம், 2022 மே மாசம் அவங்க கவுன்சில் தேர்தல்ல தபால்லயே ஓட்டு போட்டேன்னு போட்டோ அனுப்பினான். இங்கிலாந்துல 2001லேருந்தே தபால் ஓட்டுக்கு காரணமே கேக்கறதில்ல, உடம்பு சரியில்லையா வெளியூரான்னு எதுவும் சொல்ல வேணாம், எனக்கு தபால்ல வேணும்னு ஓட்டுநாளுக்கு 11 வேலைநாள் முன்னாடி சாயங்காலம் 5 மணிக்குள்ள எழுதி குடுத்தா போதும். ஒரு கவர்ல ஓட்டு சீட்டு, தனி தாள்ல கையெழுத்தும் பிறந்த தேதியும், ரெண்டையும் பெரிய கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டாம பெட்டியில போட்டுடலாம், கையெழுத்தும் தேதியும் பழைய ரெக்கார்டோட ஒத்துப்போனாதான் எண்ணுவாங்க. அதே வருஷம், மூணு மாசத்துக்கு முன்னாடிதான், அவனோட பாட்டி சொந்த ஊர்ல சொந்த வார்டுல ஓட்டு போட முடியாம உக்காந்திருந்தாங்க. நம்ம எல்லாருக்கும் காரணம் கேக்காம தபால் ஓட்டு குடுங்கன்னு நான் கேக்கல, அதுக்கு நம்ம ஊரு இன்னும் தயாரா இல்லன்னுதான் நினைக்கறேன், ஆனா படி இறங்க முடியாதவங்களுக்காவது குடுங்க.

இதுல உண்மையான ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைச்சுட்டு பேச எனக்கு விருப்பம் இல்ல. வார்டுங்கறது சின்ன இடம். எம்பி தேர்தல்ல லட்சக்கணக்கான ஓட்டுல பாட்டி ஓட்டு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது, வார்டுல அப்படி இல்ல, நிக்கறவரு ரெண்டு தெரு தள்ளி இருப்பாரு, ஏஜென்டா வர்றவரு தினமும் டீக்கடையில பாக்கற ஆளா இருப்பாரு, வீட்டு ஓட்டு வாங்க அதிகாரிங்க வர்றப்ப ஏஜென்ட்டும் கூட வரலாம்னா அவரு வாசல்ல நின்னு சிரிச்சாலே வயசானவங்களுக்கு பயம் வரும். எண்ணற இடத்துலயும் பாருங்க, ஒரு வார்டுல வீட்டு ஓட்டு மொத்தமே பத்து பதினஞ்சுதான் வருதுன்னு வைங்க, அதை தனியா பிரிச்சு எண்ணினா எந்தெந்த பாட்டி யாருக்கு போட்டாங்கன்னு கிட்டத்தட்ட கணக்கு போட்டுடலாம். அதனால ஏஜென்ட் வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது, மறைப்பு வைக்கற இடத்தை வீடியோவே எடுக்கக்கூடாது, வீட்டு ஓட்டு கவருங்களையும் தேர்தல் ஊழியர்களோட தபால் ஓட்டு கவருங்களையும் திறந்து ஒண்ணா கலக்கின அப்புறம்தான் எண்ணணும், தனி கணக்கா அறிவிக்கக்கூடாது. விதி எழுதறப்பவே இதை எழுதிட்டா போதும். செலவு ஆகும்னு சொல்லுவாங்க, 200 வார்டுக்கும் வேற வேற ஓட்டு சீட்டுன்னு சொல்லுவாங்க, ஆனா ஊழியர்களோட தபால் ஓட்டுக்கு வார்டு வாரியா சீட்டு எப்படியும் அச்சடிக்கத்தானே வேணும்.

ஊழியர்கள்னு சொன்னதும் டீச்சருங்க ஞாபகம் வருது. எம்பி தேர்தல்ல அதே தொகுதிக்குள்ள டியூட்டி விழுந்தா தேர்தல் வேலையில இருக்கறதுக்கு குடுக்கற இடிசி சர்டிஃபிகேட்டை காட்டி வேலை செய்யற பூத்துலயே ஓட்டு போட்டுடலாம், தொகுதி பெருசு, நிறைய பேருக்கு அது அமைஞ்சுடும். கவுன்சிலர் தேர்தல்ல ஊரே 200 துண்டு, சொந்த வார்டுலயா டியூட்டி போடுவாங்க, அவங்களுக்கு தபால்தான் ஒரே வழி. சீட்டு லேட்டா வந்தாலோ உறுதிமொழி தாள்ல சான்றொப்பம் விட்டுப்போனாலோ ஓட்டு செல்லாது. ட்ரெயினிங் நடக்கற இடத்துலயே சீட்டு குடுத்து அங்கயே பெட்டி வச்சு அங்கயே சான்றொப்பம் போட ஆள் உக்கார வச்சு வாங்கிடணும்.

இன்னொரு விஷயம் ஓட்டர் லிஸ்ட். கவுன்சிலர் தேர்தலுக்குன்னு தனியா லிஸ்ட் எழுதறதில்ல, எம்எல்ஏ தொகுதி லிஸ்ட்டை எடுத்து வார்டு வாரியா பிரிக்கறாங்க, அவ்வளவுதான். அதுல பேர் இல்லன்னா இதுலயும் இல்ல. எஸ்ஐஆர்ங்கற சிறப்பு தீவிர திருத்தம் நடந்து 2025 டிசம்பர் 19 அன்னைக்கு வரைவு பட்டியல் வந்தப்ப தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல பேர் எடுத்திருந்தாங்க, சென்னை மாவட்டத்துல மட்டும் 14 லட்சத்துக்கு மேல. இறந்தவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்க எல்லாம் அதுல உண்டு, எடுத்தது நியாயம்தான், ஆனா வீடு மாறினவங்கதான் அதுல ஏகப்பட்ட பேர், அவங்க உயிரோட இதே ஊர்ல ஏதோ ஒரு தெருவுல வாடகைக்கு இருக்கறவங்க. அதுக்கப்புறம் பேர் சேக்கற ஃபார்ம் 6 குடுத்து நிறைய பேர் திரும்ப சேந்தாங்க, சேராதவங்க இன்னும் இருக்காங்க, பெரிய தேர்தல் வரட்டும் பாத்துக்கலாம்னு இருக்கறவங்களுக்கு சொல்றேன், கவுன்சிலர் தேர்தல் தேதி அறிவிச்ச அப்புறம் ஓடினா கஷ்டம். இப்ப ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு 18 வயசு ஆச்சான்னு கணக்கு பாக்க வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு, 17 வயசு ஆன பசங்க முன்கூட்டியே குடுத்து வைக்கலாம்.

வாடகை வீட்டுக்காரங்க ஒண்ணு கவனிக்கணும். ஒரே தொகுதிக்குள்ள ரெண்டு தெரு தள்ளி மாறினா யாரும் அட்ரஸ் மாத்தறதில்ல, எம்எல்ஏ ஒருத்தர்தானேன்னு விட்டுடறாங்க. எம்எல்ஏவுக்கு சரி, வார்டு மாறி இருக்குமே. நீங்க குடியிருக்கற தெருவுல குப்பை வண்டி வரலன்னு ஒரு கவுன்சிலர்கிட்ட போயி கேப்பீங்க, ஓட்டு இருக்கறது வேற கவுன்சிலர் வார்டுல. அட்ரஸ் மாத்தற ஃபார்ம் 8ல தொகுதிக்குள்ளயே மாறறதுக்கும் இடம் இருக்கு, தேர்தல் ஆணையத்தோட ஆப்ல பண்ணலாம், இல்லன்னா 1950க்கு போன் போட்டு கேக்கலாம். ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட் தரலன்னா ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், கேஸ் பில்னு வேற எது இருந்தாலும் பாருங்க, எதுவுமே இல்லன்னாலும் பிஎல்ஓ நேர்ல வந்து விசாரிச்சு சேக்கணும்னு விதி இருக்கு. பிளாட்ஃபார்ம்ல தூங்கறவங்களுக்கு கூட உரிமை உண்டு, அவங்க ஃபார்ம்ல குடுத்த இடத்துல உண்மையாவே தூங்கறாங்களான்னு பிஎல்ஓ ராத்திரியில வந்து பாக்கணும், வேற ப்ரூஃப் கேக்கக்கூடாது. இது எத்தனை பிஎல்ஓவுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு பாரிஸ் கார்னர், சென்ட்ரல் பக்கம் போயி அந்த மக்களை கேட்டாலே தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருக்கற பேச்சிலர் பசங்களுக்கும் ஊர்லயே ஓட்டு இருக்கட்டும்னு ஒரு பழக்கம், அது அவங்க இஷ்டம், ஆனா ரெண்டு இடத்துல வைக்கக்கூடாது, அது குத்தம்.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கறது பெரும்பாக்கம் ஜனங்களை நினைச்சா. கூவம் கரை, அடையாறு கரையில இருந்தவங்களை 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூட்டம் கூட்டமா அங்க கொண்டு போயி வச்சாங்க, வீட்டு வேலை, மார்க்கெட் வேலை எல்லாம் இன்னும் சிட்டிக்குள்ளதான், விடியக்காலம் பஸ்ஸுல வர்றாங்க. கண்ணகி நகர், எழில் நகர் மாநகராட்சிக்குள்ள வருது, பெரும்பாக்கம் வராது, அது பஞ்சாயத்து, செங்கல்பட்டு மாவட்டம். சிந்தாதிரிப்பேட்டையில ஓட்டு வச்சிருந்த ஒரு அம்மா அங்க போன நாள்லேருந்து மாநகராட்சி தேர்தல்ல அவங்களுக்கு பாத்தியதை இல்ல, பஞ்சாயத்து தேர்தல்ல போடணும்னா சோழிங்கநல்லூர் தொகுதி லிஸ்ட்ல புதுசா ஏறணும், அதை யாரு அவங்களுக்கு சொன்னாங்க. வீட்டு சாவி குடுக்கற அன்னைக்கே ஒரு மேஜை போட்டு ஃபார்ம் வாங்கியிருக்கலாம், ரேஷன் கார்டை மாத்தற அதே இடத்துலயே வாங்கியிருக்கலாம். பழைய எடத்து கவுன்சிலருக்கு அவங்க ஓட்டு இல்ல, புது எடத்து தலைவருக்கும் அவங்க ஓட்டு இல்ல, அப்புறம் தண்ணி வரல லிஃப்ட் ஓடலன்னா யாரு வந்து நிப்பாங்க.

2022ல சென்னையில 43 சதவீத சொச்சம்தான் பதிவாச்சு, மாநிலம் மொத்தம் 60 சதவீதத்துக்கு மேல. உடனே படிச்சவங்க சோம்பேறி, ஃப்ளாட்காரங்க தூங்கிட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பங்கு அப்படி இருக்கலாம், ஆனா லிஸ்ட்ல இருந்து இங்க இல்லாதவங்க, இங்க இருந்து லிஸ்ட்ல இல்லாதவங்க, பூத்துக்கு போகவே முடியாதவங்க இவங்களையெல்லாம் கணக்குல எடுக்காம ஊரையே திட்டறது எனக்கு சரியா படல. அதுவும் 2016 அக்டோபர்லேருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் தேர்தலே நடத்தாம தனி அதிகாரி கையில விட்டு வச்சிருந்த ஊரு இது, அதுக்கு நடுவுல 2018ல வார்டு எல்லையும் மாத்தினாங்க, தன் வார்டு நம்பர் என்னன்னே மறந்துபோனவங்க எவ்வளவோ பேர். இந்த தடவையாவது தேர்தலை தள்ளிப்போடாம நேரத்துக்கு நடத்தணும்.

முதலமைச்சருக்கும் மாநில தேர்தல் ஆணையருக்கும் கேக்கறது, 85 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள்ல வீட்டு ஓட்டை சேருங்க, ஊராட்சி தேர்தலுக்கும் அதே மாதிரி சேருங்க. 85ன்னு நிக்காம பழைய மாதிரி 80க்கு கொண்டு வந்தா இன்னும் நல்லது, அதோட கிட்னி டயாலிசிஸ் போறவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க டாக்டர் லெட்டர் குடுத்தா வயசு பாக்காம எடுத்துக்கணும். 12டிக்கு இப்ப இருக்கற மாதிரி தேர்தல் அறிவிக்கை வந்து அஞ்சு நாளுக்குள்ள ஃபார்ம் குடுக்கணும்னு வச்சா பாதி பேருக்கு விஷயமே போயி சேராது, ஒரு தடவை எழுதி குடுத்தா அடுத்தடுத்த தேர்தலுக்கும் செல்லும்னு வைங்க.

உங்க பேப்பர்கிட்டயும் ஒண்ணு கேக்கறேன். தேர்தல் வந்த அப்புறம் வேட்பாளர் பட்டியலை பக்கம் பக்கமா போடறீங்க, சந்தோஷம், அதுக்கு முன்னாடி இப்பவே வாரம் ஒரு மண்டலம்னு எல்லா மண்டலத்துக்கும் எந்த தெரு எந்த வார்டுல வருது, அந்த வார்டுக்கு ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்க எந்த ஆபீஸுக்கு போகணும்னு கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. போன்ல பாக்கத் தெரியாதவங்கதான் இன்னும் பேப்பர் வாங்கி எழுத்து கூட்டி படிக்கறாங்க, அவங்களுக்குத்தான் இது வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை - 23